சறுக்கும் கார்களும் என் கமராவும்



சில மாதங்களுக்கு முன்னர், ஞாயிறு மாலை நேயர் நேரத்தை நான் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். என்னுடைய தொழில் கணக்கியல் என்பதால், நேயர்கள் வழமையாக என்னிடம் கேட்பது வரிப்பத்திரம் பற்றியோ ஓய்வூதிய நிதி பற்றியோதான். இவர் கேட்டது வேறு.

"அண்ணை, என்ரை மகனுக்குப் பத்தொன்பது வயது. பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசிலை ஒரு பழைய நிசான் சில்வியா வாங்கி வைச்சிருக்கிறான். இரவிரவாய் கார் சறுக்கிற வீடியோ பார்க்கிறான். அவன்ரை அறைச் சுவரிலை நீங்கள் யப்பானிலை எடுத்த படம்தான் ஒட்டியிருக்கு. இது என்ன விளையாட்டு எண்டு எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களோ?"

எங்கள் கலைவிழாவில் மண்டபச் சுவரில் நான் காட்சிக்கு வைத்த படங்களில் ஒன்று அது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஒரு கார் பக்கவாட்டில் வெளியே வரும் படம். நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடங்களே இருந்தன. "ஆறுதலாகக் கதைப்போம் தங்கச்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கடனை இந்தக் கட்டுரையில் அடைக்கப் பார்க்கிறேன்.

சறுக்கல் என்றால் என்ன?

டிரிஃப்டிங் என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் இந்தக் கலையைப் பார்ப்பவர்கள், கார் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்றே முதலில் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

ஒரு கார் வளைவில் திரும்புவது, நான்கு ரயர்களும் தரையைப் பற்றிப் பிடித்திருப்பதால். அந்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. என் தொழில் பாஷையில் சொல்வதானால், ஒவ்வொரு ரயருக்கும் ஒரு மாதச் சம்பளம் இருக்கிறது. வேகம் கூட்டுவது, பிறேக் பிடிப்பது, பக்கவாட்டில் திரும்புவது என்ற மூன்று செலவுகளையும் அந்தச் சம்பளத்துக்குள்தான் பார்க்கவேண்டும். ஒரு செலவுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மற்றவற்றுக்கு மிச்சமிராது.

எஞ்சினின் சக்தி பின் சில்லுகளுக்குப் போகும் காரொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் நடுவே ஓட்டுநர் அளவுக்கு மிஞ்சி எஞ்சினை முடுக்குகிறார். பின் ரயர்கள் தங்கள் சம்பளம் முழுவதையும் சுழல்வதிலேயே செலவழித்துவிடுகின்றன. பக்கவாட்டுப் பிடிப்புக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. காரின் பின்பகுதி வளைவின் வெளிப்பக்கமாகச் சறுக்கிப் போகிறது. பழக்கமில்லாதவர் என்றால் கார் அப்படியே பம்பரம்போலச் சுற்றி நின்றுவிடும். பழகியவர் அந்தக் கணத்தில் முன் சில்லுகளை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். வீதி இடப்பக்கம் வளைய, முன் சில்லுகளோ வலப்பக்கம் பார்க்கின்றன. ஊரில் மணல் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடிய எவருக்கும் இது விளங்கும். பின் சில்லு இழுபட்டுப் போனால், அது போகிற பக்கமே ஹாண்டிலைத் திருப்பித்தான் விழாமல் தப்புவோம்.

அதன்பிறகு எல்லாம் ஓட்டுநரின் வலதுகாலில் இருக்கிறது. கூட அழுத்தினால் கார் சுற்றிவிடும். குறைத்தால் பின் ரயர்கள் திடீரென்று பிடித்துக்கொண்டு, காரை மறுபக்கம் தூக்கி எறியும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் காரைக் கொண்டுபோவதுதான் டிரிஃப்டிங்.

சறுக்கலைத் தொடங்கப் பல வழிகள் உண்டு. ஹாண்ட் பிறேக்கை ஒரு கணம் இழுத்துப் பின் சில்லுகளைப் பூட்டுவது ஒரு வழி. கிளட்சை மிதித்து எஞ்சினை உறுமவிட்டுச் சட்டென்று விடுவது இன்னொரு வழி. அந்த அதிர்ச்சியில் பின் ரயர்கள் பிடி விடும். முதலில் வளைவுக்கு எதிர்ப்பக்கம் காரைத் திருப்பி, அதன் பாரம் ஊஞ்சல்போல மறுபக்கம் ஆடிவரும்போது உள்ளே திருப்புவது மூன்றாவது வழி. இரண்டு பின் சில்லுகளும் சேர்ந்தே சுழலவேண்டும் என்பதற்காக, அவற்றுக்கு இடையிலுள்ள டிஃபரென்ஷியலையும் இவர்கள் மாற்றிப் பூட்டுவார்கள்.

மலைப்பாதையிலிருந்து மைதானத்துக்கு

யப்பானின் பெரும்பகுதி மலைநாடு. நகரங்களுக்கு இடையே மலைகளைக் கடந்து செல்லும் வளைவு நெளிவான பாதைகளை அங்கே 'தோகே' என்கிறார்கள். புதிய நெடுஞ்சாலைகளும் சுரங்கப் பாதைகளும் வந்தபின் பழைய மலைப்பாதைகள் பல இரவில் வெறிச்சோடின. காரோட்டும் மோகமுள்ள இளைஞர்கள் அங்கே கூடினார்கள்.

சறுக்கும் முறையைப் பந்தயத் திடலில் பிரபலப்படுத்தியவர் என்று சொல்லப்படுபவர் குனிமிட்சு தகஹாஷி. இவர் முதலில் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் ஹொண்டா வண்டியில் வென்று, உலகக் கிராண்ட் பிறீ மோட்டார் சைக்கிள் பந்தயமொன்றை வென்ற முதல் யப்பானியர் ஆனார். பின்னர் கார்ப் பந்தயத்துக்கு மாறிய இவர், 1970-களில் வளைவுகளுக்குள் வேகமாக நுழைந்து காரைச் சறுக்கவிட்டே கடந்தார். அக்காலத்து ரயர்களின் பிடிப்பு குறைவு என்பதால் அது வெல்லும் வழியாகவும் இருந்தது.

அவரைப் பார்த்து வளர்ந்தவர் கெயிச்சி சுச்சியா. 1956-இல் நகானோ மாநிலத்தில் பிறந்த இவர், மலைப்பாதைகளில் பழகிப் பந்தய வீரரானவர். இவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட ரொயோட்டா ஏஈ86. இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை வைத்து யப்பானியர் இதை 'ஹச்சி-ரொக்கு', அதாவது எட்டு-ஆறு, என்று செல்லமாக அழைப்பார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை, விலையும் அதிகமில்லை. 1987-இல் சுச்சியா இந்தக் காரை மலைப்பாதையில் சறுக்கி ஓட்டிய வீடியோ ஒன்று வெளிவந்தது. அதனால் அவருடைய பந்தய லைசன்ஸ் சில காலம் பறிபோனது என்று சொல்வார்கள். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த இளைஞர்கள் நாடெங்கும் மலையேறிவிட்டார்கள்.

குருவும் சீடனும் பின்னர் ஒரே அணியில் சேர்ந்தார்கள். 1995-இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தகஹாஷியும் சுச்சியாவும் அகிரா ஈடா என்ற இன்னொரு வீரரும் ஹொண்டா என்எஸ்எக்ஸ் காரை மாறி மாறி ஓட்டித் தங்கள் பிரிவில் முதலிடம் பெற்றார்கள். தகஹாஷி 2022-இல் காலமானார்.

அதே 1995-இல்தான் ஷுயிச்சி ஷிகெனோ எழுதி வரைந்த 'இனிஷியல் டி' என்ற படக்கதைத் தொடரும் ஆரம்பமானது. தகப்பனின் கடைக்காக விடியற்காலையில் எட்டு-ஆறு காரில் மலைப்பாதை வழியே டோஃபு கொண்டுபோகும் ஒரு பையனின் கதை. 2013 வரை ஓடிய அந்தத் தொடரும், 1998-இல் அதிலிருந்து வந்த கார்ட்டூன் தொடரும் யப்பானுக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்கும் இந்த மோகத்தைத் தொற்றவைத்தன. 2006-இல் ஹொலிவுட் 'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தை எடுத்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மலைப்பாதைகளில் விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின. மோட்டார் சைக்கிள் கூட்டங்களின் அட்டகாசத்தால், கூட்டமாகச் சேர்ந்து வீதியில் ஆபத்து விளைவிப்பதை யப்பான் 1978-இலேயே குற்றமாக்கியிருந்தது. சறுக்குபவர்கள் கூடும் வளைவுகளில் வீதிக்குக் குறுக்கே மேடுகளும் நடுக்கோட்டில் தடைகளும் போடப்பட்டன. அதேவேளை, இன்னொரு கதவும் திறந்தது. கார்ச் சஞ்சிகைகள் போட்டிகளை நடத்தின. சிறிய பந்தயத் திடல்கள், ஒரு நாள் கட்டணத்துக்கு எவரும் வந்து சறுக்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டன. 2000-ஆம் ஆண்டு எபிசு திடலில் ஆரம்பித்த தொழில்முறைப் போட்டி, 2001 முதல் டி1 கிராண்ட் பிறீ என்ற தொடராக வளர்ந்தது. சஞ்சிகை ஆசிரியர் டைஜிரோ இனடாவோடு அதைத் தொடங்கியவர் வேறு யாருமல்ல, அதே சுச்சியாதான். மலையில் தொடங்கியவரே மைதானத்துக்கு வழி காட்டினார்.

இந்தப் போட்டியில் முதலில் வந்து சேர்பவருக்கு வெற்றி என்ற கணக்கு இல்லை. வேகம், காரின் சாய்கோணம், ஓடும் கோடு ஆகியவற்றுக்குப் புள்ளி. முதலில் தனியோட்டம். பிறகு இருவர் ஓட்டம். முன்னால் ஒருவர் சறுக்க, பின்னால் வருபவர் அவருடைய கதவோடு உரசுமளவு நெருக்கமாக அதே கோணத்தில் சறுக்கவேண்டும். முன்னால் போகிறவர் தடுமாறினால் இருவருக்கும் ஆபத்து. ஆகவே ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கைதான் இந்த விளையாட்டின் அடித்தளம்.

எபிசுவில் ஒரு நாள்

2018-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எபிசுவுக்குப் போனேன். டோக்கியோவிலிருந்து ஷின்கன்சென் அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கொரியாமா. அங்கிருந்து சாதாரண ரயிலில் நிஹொன்மட்சு. ஃபுகுஷிமா மாநிலத்தில், மலைச்சரிவு ஒன்றில் பல சிறு பந்தயப் பாதைகளாக எபிசு அமைந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு விலங்குப் பூங்காவும் உண்டு.

அங்கே 'டிரிஃப்ட் மட்சுரி' என்ற திருவிழா நடந்துகொண்டிருந்தது. மட்சுரி என்றால் திருவிழா. போட்டியுமில்லை, பரிசுமில்லை. கட்டணம் கட்டியவர்கள் பகலும் இரவும் பாதை பாதையாக மாறி ஓடுகிறார்கள். வந்திருந்தவர்களில் பலர் மெக்கானிக்குகள், தொழிற்சாலை ஊழியர்கள், மாணவர்கள். அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்து, அங்கேயே கார் வாங்கி நிறுத்தி வைத்திருப்பவர்களையும் கண்டேன். சிறிய ட்ரக்குகளில் பழைய ரயர்களைக் குவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். முன் சில்லுகளுக்கு நல்ல ரயர். எரிந்து தீரப்போகும் பின் சில்லுகளுக்கு மலிந்த பழைய ரயர். கணக்காளன் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

'மினாமி' என்ற தெற்குப் பாதையில் ஒரு மேடு இருக்கிறது. கார்கள் அந்த மேட்டில் சற்றே துள்ளி இறங்கி, சுவரை ஒட்டியபடி சறுக்கிப் போகும். சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தபோது ரப்பர் துகள்கள் முகத்தில் வந்து விழுந்தன.

ஓர் ஓட்டுநர் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு முதல் தலைக்கவசம் தந்தார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், இருக்கைப் பட்டியை ஒருவர் இழுத்துப் பார்த்தார். ஓடத் தொடங்கியதும் நான் கவனித்த ஒரு விடயம்: அவர் முன் கண்ணாடியால் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியால் பார்த்தார். கார் பக்கவாட்டில் போவதால், போகவேண்டிய இடம் அங்கேதான் தெரிகிறது. என் வயிறு புரண்டுகொண்டிருக்க, அவருடைய முகத்தில் அலுவலகத்தில் வேலை செய்பவரின் அமைதி இருந்தது.

2021 மாசியில் ஃபுகுஷிமாக் கரைக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எபிசுவின் மலைச்சரிவு இடிந்து, பாதைகளில் ஒன்றை மண் மூடிவிட்டது. அந்தப் படத்தைச் செய்தியில் பார்த்தபோது, தெரிந்தவர் வீடு இடிந்ததுபோல இருந்தது.

படம் பிடிக்கும் முறை

கமராவில் ஆர்வமுள்ள நேயர்களுக்குச் சில குறிப்புகள். ஓடும் காரை ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் சில்லுகளும் உறைந்து நிற்பதால், கார் தரித்து நிற்பதுபோலத் தெரியும். நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் சில்லு சுழல்வது தெரியும். அறுபதில் ஒரு பங்குக்கு வந்தால் பின்னணி கோடுகோடாக ஓடும். முப்பதில் ஒரு பங்கில் படம் அழகு, ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்று தேறினாலே அதிர்ஷ்டம்.

காரோடு சேர்ந்து கமராவும் நகரவேண்டும். கையை மட்டும் அசைக்காமல், பாதங்களை ஊன்றிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். படம் எடுத்த பிறகும் திரும்புவதை நிறுத்தக்கூடாது. டிரிஃப்டிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. காரின் பின்பகுதி முன்பகுதியைவிட வேகமாக வீசிக்கொண்டு வருவதால், முழுக் காரும் ஒருசேரத் தெளிவாக விழாது. முன் விளக்கையோ ஓட்டுநரின் தலைக்கவசத்தையோ குறிவையுங்கள். அது தெளிவாக இருந்தால் போதும்.

வெள்ளைப் புகை கமராவின் ஒளிமானியை ஏமாற்றும். வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் கமரா படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே சற்றுக் கூட்டி வைக்கவேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை உங்களை நோக்கி வராத பக்கத்தில் நில்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்புச் சுவரில்லாத வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். தவறிய கார் அங்கேதான் வரும்.

அன்று ஆயிரத்து நானூறு படங்கள் எடுத்தேன். வைத்துக்கொண்டவை நாற்பதுக்கும் குறைவு. 36 படச் சுருளில் பழகிய தலைமுறைக்கு இது பெரிய வீண்விரயமாகத் தெரியும். ஆனால் அந்தத் தாயாரின் மகன் சுவரில் ஒட்டியிருக்கும் படம் அந்த நாற்பதில் ஒன்று.

டைக்கொக்குவில் ஓர் இரவு

யப்பானியக் கார்க் கலாசாரம் சறுக்கல் மட்டுமல்ல. யொக்கோஹாமா துறைமுகத்தில், செயற்கைத் தீவொன்றின்மேல், சுழன்று சுழன்று இறங்கும் நெடுஞ்சாலைகளுக்கு நடுவே டைக்கொக்கு என்ற தரிப்பிடம் இருக்கிறது. நீண்டதூரம் ஓட்டுபவர்கள் இளைப்பாறக் கட்டப்பட்ட இடம்தான் அது. வார இறுதி இரவுகளில் அது கார்ச் சந்தையாக மாறிவிடும், விற்பனை மட்டும் இல்லை. நெடுஞ்சாலை வழியாக மட்டுமே அங்கே போகலாம். நடந்து போக வழியில்லை. நான் அறிமுகமான ஒருவரின் காரில் போனேன்.

1989-இல் வெளிவந்த ஸ்கைலைன் ஜிடிஆர், 1991-இல் வந்த வளைந்த உடலமைப்புள்ள மஸ்டா ஆர்எக்ஸ்-7, தரையோடு உரசுமளவு தாழ்த்திய வான்கள், அவற்றுக்குப் பக்கத்தில் 660 சிசி எஞ்சினுள்ள குட்டிக் கார்கள் எல்லாம் வரிசையாக நின்றன. குட்டிக் காருக்கு எவரும் குறைவான மரியாதை கொடுக்கவில்லை. என்னை வியக்க வைத்தது அங்கிருந்த ஒழுங்கு. எவரும் மற்றவரின் காரைத் தொடவில்லை. படம் எடுக்குமுன் "ஷஷின் ஈ தெஸ்-கா", படம் எடுக்கலாமா, என்று கேட்டேன். சிலர் தலையசைத்துவிட்டு இலக்கத் தகட்டைத் துணியால் மூடினார்கள். அவர்களுடைய இலக்கத் தகடு தெரியும் படத்தை நானும் வெளியிடுவதில்லை. கூட்டம் மிஞ்சியதும் பொலிஸ் வண்டி வந்து ஒலிபெருக்கியில் இடத்தை மூடுவதாக அறிவித்தது. அரைமணி நேரத்தில் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். எங்கும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன்; எஞ்சினை வீணே உறுமவிட்டுப் பெயரைக் கெடுப்பவர்களும் அங்கே உண்டு.

அங்கே கார் வைத்திருப்பதே ஒரு பொறுப்பு. 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி, கார் வாங்குபவர் தன் வீட்டிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் அதை நிறுத்த இடமிருப்பதைப் பெரும்பாலான இடங்களில் நிரூபிக்கவேண்டும். 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை, புதிய காருக்கு மூன்று வருடத்திலும் அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் வரும். பரிசோதனைக் கட்டணம், வரி, காப்புறுதி எல்லாம் சேர்ந்து செலவு ஏறும். அதனால்தான் இன்னும் நன்றாக ஓடும் கார்களைக்கூட யப்பானியர் கைவிட்டுவிடுகிறார்கள். அவை கப்பலேறி இலங்கையில் 'ரீகண்டிஷன்' காராகவும், வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடென்பதால் அவுஸ்திரேலியாவில் இறக்குமதிக் காராகவும் வந்திறங்குகின்றன. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பதேர்ஸ்ட் பந்தயத்தை ஸ்கைலைன் ஜிடிஆர் வென்று, 'கொட்சில்லா' என்ற பட்டப்பெயரை இந்த நாட்டில் நிலைநாட்டியதும் இந்த மோகத்துக்கு ஒரு காரணம்.

என்னுடைய பிழை

இனி, வானொலியில் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

யப்பானிலிருந்து திரும்பிய அடுத்த வருடம், மெல்பேர்னின் புறநகர்த் தொழிற்பேட்டை ஒன்றில் இரவில் பெடியங்கள் கார் சறுக்குவதாகக் கேள்விப்பட்டுக் கமராவோடு போனேன். நான் ஓட்டவில்லை, படம்தானே எடுக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் கார் சந்தியை ஒருமுறை மெதுவாகச் சுற்றியது. என் கமராவையும் மற்றவர்களின் தொலைபேசிகளையும் கண்டதும் திரும்பி வந்தது. இரண்டாம் முறை எங்களுக்கு இன்னும் கிட்டவாக. மூன்றாம் முறை பின் சில்லு வீதியோரக் கட்டில் அடித்து, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்குச் சில அடி தூரத்தில் கார் நின்றது. எவருக்கும் காயமில்லை. அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் கை நடுங்கியது.

கமரா இல்லாவிட்டால் அந்தப் பெடியன் முதல் சுற்றோடு போயிருப்பான். மூன்றாம் சுற்று எனக்காக ஓடப்பட்டது. அந்தப் படங்களை நான் எவருக்கும் காட்டவில்லை. அதன்பிறகு வீதியில் சறுக்கும் எந்தக் காரையும் படம் எடுத்ததுமில்லை.

எபிசுவுக்கும் அந்தச் சந்திக்கும் என்ன வித்தியாசம்? கார் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். எபிசுவில் சுவர் இருந்தது, தலைக்கவசம் இருந்தது, கொடி காட்ட ஆள் இருந்தது. முக்கியமாக, அங்கே நின்ற ஒவ்வொருவரும் தெரிந்தே வந்தவர்கள். வீதியில் அப்படியில்லை. எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் இரவு வேலை முடித்து அந்த வீதிகளால்தான் வீடு திரும்புகிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தங்கச்சிக்கும் மகனுக்கும்

ஆகவே தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மகன் விரும்புவது மோசமான விடயமில்லை. அதில் பொறியியல் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது. வேண்டாம் என்று கத்தினால், அவன் உங்களுக்குச் சொல்லாமல் இரவில் போவான். யப்பானிலும் சட்டம் மட்டும் இளைஞர்களை மலையிலிருந்து இறக்கவில்லை. போக ஓர் இடம் இருந்ததும் உதவியது.

அந்த இடம் இங்கேயும் உண்டு. மெல்பேர்னிலிருந்து வடகிழக்கே சில மணி நேர ஓட்டத்திலுள்ள வின்ரன் போன்ற பந்தயத் திடல்களில் டிரிஃப்ட் பயிற்சி நாட்கள் நடைபெறுகின்றன. கட்டணம், பழைய ரயர் இரண்டு மூன்று சோடி, எரிபொருள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்தில் வீதியில் பிடிபட்டால் வரும் செலவையும் எழுதச் சொல்லுங்கள். விக்ரோறியா மாநிலத்தில் பொலிசார் காரை 30 நாட்களுக்குப் பறிமுதல் செய்யலாம். இழுத்துச் செல்வதற்கும் வைத்திருப்பதற்கும் பணம் கட்டவேண்டும். லைசன்ஸ் போகலாம். வீதியில் சறுக்கி விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. எந்தக் கணக்கு மலிவு என்று அவனே கூட்டிப் பார்க்கட்டும். வேறொருவரின் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், அதை எழுத அந்தத் தாளில் நிரல் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

நான் அந்தத் தாயாரோடு பிறகு தொலைபேசியில் கதைத்தேன். மகனும் வந்து கதைத்தான். அடுத்த பயிற்சி நாளுக்கு என்னோடு வரச் சொன்னேன். "காரைக் கொண்டுவரவோ மாமா?" என்று கேட்டான். "முதல்முறை காரை விட்டிட்டு வா. சுவருக்குப் பின்னாலை நின்று ஒரு நாள் முழுக்கப் பார். என்ரை இரண்டாவது கமரா உனக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மாவும் வரலாமோ?" என்று கேட்டான்.

மூவருமாகப் போகிறோம். வேறு பெற்றோரோ பிள்ளைகளோ வர விரும்பினால் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். என் காரில் இன்னும் ஓரிடம் இருக்கிறது.